பப்லுவுக்கு மூணு கிலோ புல்

எங்க பக்கம் ஒரு குடியானவன் எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சுக்க யாரும் அவன் பாஸ்புக்கைப் பார்க்க மாட்டாங்க. கட்டுத்தரைக்குப் போய் மாட்டோட இடுப்பெலும்பைப் பார்ப்பாங்க. எலும்பு துருத்திட்டு இருந்தா முடிஞ்சது கதை. தீனி போடத் துப்பில்லாதவன்னு பேராகிடும். அந்தக் காலத்துல பொண்ணு கொடுக்கறதுக்கு முன்னாடி மாட்டைப் பார்த்துட்டு வந்து முடிவு பண்ணின கதையெல்லாம் எங்க அப்பத்தா நிறையச் சொல்லுவாங்க. அப்படிப்பட்ட ஊர்ல இருந்துட்டு, எட்டு மாசமா ஒரு குதிரையை மெலிய வைக்கிற வேலை பார்த்துட்டு இருக்கேனுங்க.

குதிரைன்னா சினிமாவுல ஓடுற பெரிய குதிரை இல்லை. மட்டக்குதிரை. என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல வரும், அவ்வளவுதான். எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி, டவுன்ல இருக்கார். பேரன் ஆசைப்பட்டான்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில பிடிச்சுட்டு வந்தது. அந்தச் சந்தைக்கு இன்னும் போகாதவங்க ஒரு தடவை போய்ட்டு வாங்க. திப்பு சுல்தான் காலத்துல இருந்து நடக்குதுன்னு சொல்லுவாங்க. கத்தியவார், மார்வாரின்னு லட்சக்கணக்குல விலை சொல்ற குதிரைகளுக்கு நடுவுல, ஓரமா இந்த மட்டக்குதிரைகளும் நிக்கும். குழந்தைகளோட வர்றவங்க கண்ணு நேரா அங்கதான் போகும்.

பப்லுன்னு பேர் வச்சது பேரன். வீட்டுக்குப் பின்னாடி சிமெண்ட் தரையில கட்டிப்போட்டு, காலையில கொள்ளு, சாயங்காலம் கொள்ளு, நடுவுல பிரெட், வாழைப்பழம், வெல்லம். தெருவுல போறவங்க ஆளுக்கொரு பிஸ்கட். வேலைன்னு பார்த்தா, ஞாயித்துக்கிழமை பையனை உக்கார வச்சு ஒரு போட்டோ. கழுத்துக்கு மேல பிடரிக்கு அடியில கெட்டியா ஒரு மேடு வந்து, அய்யனார் கோயில் மண்குதிரை மாதிரி ஆயிருச்சு. பார்த்தவங்கெல்லாம் "என்னா கம்பீரம்"னு சொன்னாங்களாம். அந்த மேடு முழுக்கக் கொழுப்புன்னு அப்ப யாருக்கும் தெரியாது.

மாசிக் கடைசியில ஒரு நாள் மாமா போன் பண்ணினார். "மாப்ளே, பப்லு நேத்திலிருந்து நடக்க மாட்டேங்குது. சிமெண்ட் தரை ஒத்துக்கலையாட்ட இருக்குது. உங்க காட்டுல நின்னா சரியாயிடும். வண்டியில ஏத்தியாச்சு, வந்துட்டே இருக்குது." குட்டியானையில குதிரை வந்து இறங்கிச்சு. இறங்குச்சுன்னு சொல்லக்கூடாது, நாலு பேரு தூக்கி இறக்கினோம். முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டி, உடம்பு பாரத்தையெல்லாம் பின்னங்கால்ல சாய்ச்சுக்கிட்டு நின்னுது. ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னா, சுடுமணல்ல வெறுங்கால்ல நடக்கிறவன் மாதிரி தயங்கித் தயங்கி வச்சுது.

டாக்டரம்மா வந்து, கணுக்காலுக்குப் பின்னாடி ரெண்டு விரலை வச்சுப் பார்த்தாங்க. என் கையையும் பிடிச்சு அங்க வச்சாங்க. நாடி திக்கு திக்குன்னு அடிச்சுது. "நல்லா இருக்கிற குதிரைக்கு இந்த இடத்துல நாடியைத் தேடித்தான் பிடிக்கணுமுங்க. இப்படி அடிச்சா குளம்புக்குள்ள பிரச்சினை. இது லேமினைடிஸ். வண்டியில ஏத்தாம இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

லேமினைடிஸ்னா என்னன்னு எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். நம்ம நகமும் அதுக்கு அடியில இருக்கிற சதையும் ஒட்டியிருக்கு இல்லைங்களா, அதே மாதிரி குதிரையோட குளம்புச் சுவரும் உள்ள இருக்கிற எலும்பும் ஒட்டியிருக்கு. ஒட்டுறது நூத்துக்கணக்கான மெல்லிசான தகடு மடிப்புகளால. ரெண்டு கை விரலையும் கோத்துப் பிடிச்சா எப்படி இருக்கும், அப்படி. குதிரையோட மொத்த பாரமும் அந்தப் பிடியிலதான் தொங்குது. லேமினைடிஸ்ல அந்தப் பிடி தளருது. வீக்கம் வந்தாலும் வெளிய வீங்க இடமில்லை, சுத்தியும் கெட்டியான குளம்பு. நகக்கண்ணுல அடிபட்டு ரத்தம் கட்டினா எப்படித் தெறிக்கும்? அந்த வலியோட நாள் முழுக்க அந்த நகத்து மேலேயே நிக்கணும்னா எப்படி இருக்கும்? பிடி ரொம்பத் தளர்ந்துட்டா எலும்பு திரும்பி அடிப்பாதத்தைப் பார்த்து இறங்கும். பாதத்தைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துட்டா பெரும்பாலும் ஊசி போட்டு நிரந்தரமாத் தூங்க வைக்கிறதுதான். டாக்டரம்மா இதை அன்னைக்கே ஒளிக்காமச் சொல்லிட்டாங்க.

முதல் ரெண்டு நாள் ஐஸ். மீன்கடைக்காரர்கிட்ட ஐஸ் பார் வாங்கி, உடைச்சு, யூரியா சாக்குல போட்டு, முன்னங்கால் ரெண்டையும் குளம்புக்கு மேல வரைக்கும் அதுக்குள்ள விட்டுக் கட்டி வச்சோம். ராத்திரியும் விடக்கூடாதுன்னு சொன்னதால நானும் என் சம்சாரமும் முறை வச்சு முழிச்சோம். வலிக்கு ஊசி. டிவி வந்த டப்பாவுல இருந்த கெட்டித் தெர்மாகோலைக் குளம்பு அளவுக்கு வெட்டி டாக்டரம்மாவே அடிப்பாதத்துல டேப் போட்டுச் சுத்திட்டாங்க. தரைக்கு ஒரு அடி உயரம் தென்னை நார்க்கழிவு கொட்டினேன். எங்க பக்கம் கயிறு மில்லு நிறைய, அது சும்மாவே கிடைக்கும். அதுல இறங்கினதும் பப்லு படுத்துது. படுத்துட்டுப் பெருமூச்சு விட்டது பாருங்க, அதுதான் அது எங்க வீட்டுல பண்ணின முதல் நல்ல காரியம்.

ஏன் வந்துச்சுன்னா, இன்சுலின். ரத்தம் எடுத்துப் பார்த்தப்ப சர்க்கரை அளவு சரியா இருந்துது, இன்சுலின்தான் எக்கச்சக்கம். கொள்ளு, வெல்லம், பிரெட்டுன்னு மாவும் இனிப்பும் உள்ள போகப் போக, சர்க்கரையை அடக்க உடம்பு இன்சுலினை ஊத்திக்கிட்டே இருக்கு. கொழுப்பு ஏறின உடம்பு அதுக்கு மசியறதில்லை, இன்னும் ஊத்துது. அந்த இன்சுலினே குளம்புப் பிடியைத் தளர்த்துது. 2007ல ஆஸ்திரேலியாவுல எந்த நோயும் இல்லாத மட்டக்குதிரைகளுக்கு ரெண்டு மூணு நாள் தொடர்ந்து இன்சுலினை அதிகமா வச்சுப் பார்த்திருக்காங்க. எல்லாத்துக்கும் லேமினைடிஸ் வந்திருக்கு. மட்டக்குதிரைங்க பரம்பரை பரம்பரையாக் காஞ்சதைத் தின்னு பிழைச்ச ஜாதி. கிடைக்கிறதைச் சேர்த்து வைக்கிறதுதான் அதுக்குத் தெரியும்.

"கொள்ளுன்னா வாயைத் திறக்குமாம், கடிவாளம்னா மூடிக்குமாம்"னு பழமொழி சொல்றோம். அந்தப் பழமொழி வந்த காலத்துல கொள்ளுக்குப் பின்னாடியே கடிவாளம் வந்துது. பழனி அடிவாரத்துல வண்டி இழுத்த குதிரைங்க காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சு, அதுக்குக் கொள்ளு தேவைப்பட்டுது. இப்ப கடிவாளத்தைக் கழட்டிட்டோம். கொள்ளு மட்டும் நின்னபாடில்லை.

சரி, தீனியை நிறுத்திட்டா மெலிஞ்சுடும்னு தோணும். எனக்கும் அதைத்தான் முதல்ல பலபேர் சொன்னாங்க. அங்கதான் டாக்டரம்மா விரலை ஆட்டி எச்சரிச்சாங்க. மட்டக்குதிரையைப் பட்டினி போட்டா உடம்புல இருக்கிற கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல வந்து கொட்டும், ரத்தமே பால் கலந்த மாதிரி ஆகும், ஈரல் போயிடும். லேமினைடிஸ் கொல்றதுக்கு முன்னாடி அது கொன்னுடும். அதுவும் குண்டான குதிரைக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். போதாததுக்கு, குதிரை மாடு மாதிரி நாலு அறை வயித்துல ரொப்பி வச்சு அசை போடாது. ஒரே வயிறு, அதுல அமிலம் எந்நேரமும் சுரந்துட்டே இருக்கும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் கூட மேயற பிராணி அது. காலி வயித்துல நின்னா புண்ணு வந்துடும். ஆக, நாள் முழுக்கத் தின்னுட்டே இருக்கணும், ஆனா மெலியணும். இந்தக் கணக்கைப் போடறதுக்குத்தான் எட்டு மாசமா ஆச்சு.

எடைமேடைக்குக் கூட்டிட்டுப் போக முடியாதுங்கறதால டேப்புல அளக்கிறோம். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி எத்தனை சென்டிமீட்டர், தோள் நுனியிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளம் எத்தனை. நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 11,880ஆல வகுத்தா கிலோ வந்துடும். பெரிய குதிரைக்குப் போட்ட கணக்கு, மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஆனா ஏறுதா இறங்குதான்னு பார்க்க இது போதும். வந்த அன்னைக்கு நெஞ்சளவு 140, நீளம் 125. கணக்குப்படி 206 கிலோ. உடம்பு எடையில நூத்துக்கு ஒன்றரை பங்கு காஞ்ச புல், அதுக்குக் குறையக் கூடாதுன்னு உத்தரவு. அதாவது ஒரு நாளைக்கு மூணு கிலோ. தேங்காய்க்கு வச்சிருக்கிற கொக்கித் தராசுல நிறுத்துத்தான் போடறேன்.

புல்லு எங்க கொறங்காட்டுல இருந்து. சென்னைக்காரங்களுக்குக் கொறங்காடுன்னா தெரியாது. கிளுவை வேலி போட்டு, நடுவுல வெள்வேல மரம் விட்டு, கொழுக்கட்டைப்புல் தானா முளைக்கிற மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடு இந்தப் புல்லுல வளர்ந்ததுதான். காஞ்ச கொழுக்கட்டைப்புல்லைத் தொட்டித் தண்ணியில ஒரு மணி நேரம் ஊற வச்சு, வடிச்சுட்டுப் போடணும். புல்லுல இருக்கிற சர்க்கரையில ஒரு பங்கு கரைஞ்சு போயிடும். அந்தத் தண்ணி கட்டங்காப்பி நிறத்துல இருக்கும், அதைத் தென்னைக்கு ஊத்திடறேன். ஊறின புல்லைச் சின்னக் கண்ணு வலையில அடைச்சு, ரெண்டு வலை மாட்டி நாலு இடத்துல தொங்க விட்டிருக்கேன். வாய்க்கு ஒவ்வொரு இழையாத்தான் வரும். ஒரு மணி நேரத்துல தீர்க்கிறதை நாலு மணி நேரம் இழுக்கும். நடந்து நடந்து தின்னணும், அதுவும் ஒரு லாபம்.

ஒரு விஷயம் நான் எதிர்பார்க்காதது. கொழுக்கட்டைப்புல்லுல ஆக்சலேட் அதிகம். மாட்டோட வயித்துல இருக்கிற கிருமிங்க அதைச் சிதைச்சுடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை, சுண்ணாம்புச் சத்தை ஆக்சலேட் பிடிச்சு வச்சுக்கிட்டு உடம்புல சேர விடாது. வருஷக்கணக்குல அதையே போட்டா எலும்புல இருக்கிற சுண்ணாம்பு கரைஞ்சு முகம் வீங்கிப் போகுமாம். தவிடு சேர்த்துப் போட்டா இன்னும் மோசம். அதனால தாது உப்புக் கலவையும் சுண்ணாம்புச் சத்தும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அளவுல தினமும் போகுது. காங்கேயம் காளைக்கு அமிர்தமா இருக்கிற புல்லு பக்கத்துல நிக்கிற குதிரைக்கு இப்படி இருக்குங்கறது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

குதிரையோட இந்தக் கணக்கெல்லாம் ரெண்டு மாசத்துல கைக்கு வந்துடுச்சு. ஊருதான் அடங்கலை.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரை போடறாங்க. பப்லுவுக்கும் கிட்டத்தட்ட அதே வியாதின்னு சொன்னதும் ரொம்பப் பாசமாகிடுச்சு. "என் மாத்திரையில பாதி குடுத்துடலாமாடா?"ன்னு கேட்டாங்க. டாக்டரம்மாகிட்டச் சொன்னா சிரிச்சாங்க. அந்த மாத்திரை குதிரை குடல்ல சரியா உறிஞ்சாதாம். அப்புறம் வைகாசியில ஒரு நாள் காலையில நாடி பார்க்கிறேன், மறுபடியும் அடிக்குது. புல்லு அளவு சரி. வலை சரி. ஒண்ணும் புரியலை. ரெண்டு நாள் கழிச்சு விடியக்காலம் எந்திரிச்சுப் பார்த்தா, அம்மா முந்தானையில இருந்து அச்சுவெல்லத்தை எடுத்து ஊட்டிட்டு நிக்கிறாங்க. "வாயில்லா ஜீவன்டா. என் முகத்தையே பார்க்குது. ஊற வச்ச வைக்கோலைத் தின்னுட்டு எத்தனை நாளைக்குடா இருக்கும்?" வைக்கோல் இல்லை, கொழுக்கட்டைப்புல்னு திருத்த நினைச்சேன், விட்டுட்டேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போய் கணுக்கால்ல அந்த இடத்துல விரலை வச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் வச்சிருந்தாங்க. "இப்படித் துடிக்குதே சாமி"ன்னாங்க. அதுக்கப்புறம் வெல்லம் வரலை. இப்ப தினமும் காலையில எனக்கு முன்னாடி போய் நாடி பார்க்கிறது அவங்கதான். நாடியைத் தேடிப் பிடிக்க முடியலைன்னா அவங்களுக்கு அன்னைக்கு நல்ல நாள்.

அம்மாவாவது வீட்டு ஆளு. மத்தவங்க? பால் ஊத்த வர்றவர், டீக்கடையில, கோயில் வாசல்ல, "ஏனுங்க, குதிரை வத்திப் போச்சே, தீனி கட்டுபடியாகலையா?" முதல்ல ஒவ்வொருத்தருக்கும் இன்சுலின்ல இருந்து விளக்கிப் பார்த்தேன். ஆமாஞ்சாமி போட்டுட்டு, போற வழியில ஒரு கத்தை சோளத்தட்டை உள்ள வீசிட்டுப் போவாங்க. பச்சைச் சோளத்தைக் குதிரைக்கே போடக்கூடாது, அது தனிக்கதை. சனி ஞாயிறு தோட்டம் பார்க்க வர்ற உங்களை மாதிரி ஆளுங்க பை நிறைய கேரட் கொண்டு வர்றீங்க. குழந்தை ஆசையா நீட்டும்போது பிடுங்கி வைக்கிறது எவ்வளவு சங்கடம் தெரியுங்களா? இப்ப வேற வழி கண்டுபிடிச்சிருக்கேன். குழந்தைகளுக்குச் சொறியக் குச்சிச் சீப்பு கொடுத்துடறேன். பிடரியைச் சொறிஞ்சா பப்லு மேலுதட்டை நீட்டிக்கிட்டுக் கண்ணைச் சொருகும். கேரட்டை விட அதுக்குப் பிடிச்சது அதுதான், குழந்தைங்களுக்கும் சந்தோஷம். கேரட்டு எங்க வீட்டுப் பொரியலுக்குப் போயிடும்.

கோடையில சீமைக்கருவேலங்காய் பழுத்து விழறப்பவும் ஜாக்கிரதையா இருக்கணும். அது நல்ல இனிப்பு, ஆடு பொறுக்கித் தின்னு கொழுக்கும். பப்லு நிக்கிற வேலிக்குப் பக்கத்துல இருந்த ரெண்டு மரத்தை வெட்டிட்டேன்.

ஆறு வாரம் கழிச்சு நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு கொஞ்சம் திரும்பியிருக்கு, இறங்கலை. படத்தைப் பார்த்துட்டு வெளிய வந்து ஒரு டீ குடிச்சேன், அந்த டீக்கு நல்ல ருசி. குளம்பு மாசத்துக்கு முக்கால் சென்டிமீட்டரு மாதிரி வளரும். நோய் வந்தப்ப இருந்த குளம்பு முழுசாத் தேஞ்சு புதுசு வர ஒரு வருஷம் ஆகும். பப்லு குளம்பைப் பார்த்தா மரத்துல வளையம் தெரியற மாதிரி கோடு தெரியும். மாசியில விழுந்த கோடு இப்ப முக்கால்வாசி கீழ வந்துடுச்சு. அதுக்கு மேல வளர்ந்திருக்கிறது நெருக்கமா, நேரா, நல்லா இருக்கு.

இப்ப நெஞ்சளவு 132. கணக்குப்படி 183 கிலோ. விரலை அழுத்தாமத் தடவினா விலா எலும்பு தெரியுது. கண்ணுக்குத் தெரியக்கூடாது, கைக்குத் தெரியணும், அதுதான் சரியான பதம்னு சொல்லியிருக்காங்க. கழுத்து மேடு பாதிதான் குறைஞ்சிருக்கு, அது கடைசியிலதான் போகுமாம்.

போன வாரம் மாமா வந்திருந்தார். பேரனுக்குத் தையில காதுகுத்து. பப்லு மேல உக்கார வச்சு ஊர்வலம் வரணும்னு மருமக ஆசைப்படுதாம். "நல்லாத்தான் நடக்குதே மாப்ளே, ரெண்டு மணி நேரம்தானே." நான் என்ன சொல்றதுன்னு யோசிக்கிறேன். மாமா வாங்கின குதிரை, மாமா காசு, மருந்துச் செலவுல பாதியும் அவர்தான் கொடுத்தார். உள்ள இருந்து அம்மா காப்பியோட வந்தாங்க. "தம்பி, அந்தக் கோடு கீழ இறங்கட்டும். பையனைக் கார்ல கூட்டிட்டு வாடா." மாமாவுக்குக் கோடுன்னா என்னன்னு புரியலை. அம்மா கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. சம்மதிச்சாரா இல்லையான்னு இன்னும் தெரியலை, போகும்போது "பார்க்கலாம்"னுட்டுப் போயிருக்கார். பப்லுவுக்கு ஒரு மூட்டை கொள்ளு கொண்டு வந்திருந்தார். அது இப்ப எங்க ரசத்துக்கும் துவையலுக்கும் ஆகிட்டு இருக்கு.

கார்த்திகை மழையில கொறங்காடு பூரா இப்ப பச்சை. எங்களுக்கு இதுதான் பயமான மாசம். வெயில் ஏற ஏறப் பச்சைப்புல்லுல சர்க்கரை ஏறும், அதனால விடியக்காலம் அஞ்சு மணிக்கு விட்டு ஏழு மணிக்குக் கட்டிடறேன். அதுவும் வாய்க்கூடையோட. தாம்பு ஓட்டறப்ப காளைக்குப் போடுவோமே, அதேதான். அடியில ரெண்டு விரல் போற அளவுக்கு ஓட்டை போட்டிருக்கேன், தண்ணி குடிக்கலாம், நாலு இழை புல்லு எட்டும். வெளிநாட்டுல இதை விலை போட்டு விக்கிறாங்களாம்.

இப்ப இருக்கிற ஒரே கவலை குளம்பு சீவற ஆளு. ஆறு வாரத்துக்கு ஒருக்காக் குளம்பு நுனியைச் சீவி அளவா வச்சாத்தான் எலும்பு நேராகும். எங்க பக்கம் லாடம் கட்டறவர் ஒருத்தர்தான் மிச்சம், அவருக்கும் எழுபது வயசு ஆச்சு. மகன் நூல் மில்லுக்குப் போயிட்டாப்ல. காளைக்கு லாடம் கட்டின கை அது. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைக் காட்டி எங்க எவ்வளவு எடுக்கணும்னு சொன்னதை ஒரே தடவையில பிடிச்சுக்கிட்டார். போன தடவை மூட்டுவலின்னு ஒரு வாரம் தள்ளிப் போட்டார். இந்த வெள்ளிக்கிழமை வர்றேன்னிருக்கார். பேரனையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன், பிளஸ் டூ முடிச்சுட்டுச் சும்மா இருக்கானாம், கூட நின்னு பார்க்கட்டும்னு.